கார் டயர் மாற்றப் போகிறீர்களா? நாமக்கல்லில் இருந்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் டயரை மாற்றிவிடலாம் என்று புரட்டாசிக் கடைசியிலேயே கடைக்கு வண்டிகள் வரத் தொடங்கிவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலை கிளம்புகிறவர்கள் என்று இரண்டு மாதம் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அந்த நெரிசலில் ஒவ்வொருவரிடமும் நின்று நிதானமாகப் பேச முடிவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் டயரை மட்டும் மாட்டி அனுப்ப எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாமக்கல்லில் டயரைப் பற்றித் தெரியாத குடும்பம் குறைவு. சொந்தபந்தத்தில் ஒருவராவது லாரி ஓட்டியிருப்பார், இல்லையென்றால் பட்டறையில் வேலை பார்த்திருப்பார். எங்கள் கடையும் லாரி டயரில் தொடங்கியதுதான். அந்த அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் லாரிக்குச் சரியாக இருக்கிற சில கணக்குகள் வீட்டுக் காருக்கு நேர் எதிராக இருக்கின்றன. கடையில் எங்களோடு நீங்கள் வாதாடுகிற விஷயங்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் வருவது, புது டயரை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பது. நான்கையும் மாற்றினால் பிரச்சினை இல்லை. இரண்டு மட்டும் வாங்கும்போது பத்தில் எட்டு பேர், "புதுசு ரெண்டையும் முன்னாடி போட்ருங்க" என்கிறீர்கள். லாரிக்கு அது சரி. லாரியில் முன்பக்கம் ஒற்றை டயர். அது வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். பின்னால் ஜோடி டயர், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். அதனால் புதுசு முன்னால், ரீட்ரெட் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) பின்னால் என்பது லாரிக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

காரில் பின்னாலும் ஒற்றை டயர்தான். மழை நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரோட்டில் தேங்கிய தண்ணீரை டயரின் பள்ளங்கள்தான் வாரி வெளியே தள்ள வேண்டும். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டங்கள், தேய்ந்த டயர் அதைச் செய்யாமல் தண்ணீர் மேல் மிதக்கும். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் திடீரென்று லேசாவது உங்கள் கைக்கே தெரியும். நீங்கள் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுப்பீர்கள், வேகம் குறையும், டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பின் டயர் மிதந்தால் முன்கூட்டி எதுவும் தெரியாது. வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் வழுக்கி, வண்டி அப்படியே சுற்றிவிடும். வளைவில் பயந்து காலை எடுத்தால் இன்னும் மோசமாகச் சுற்றும். குடும்பத்தோடு போகிற யாராலும் அந்த நேரத்தில் அதைச் சமாளிக்க முடியாது. முன்சக்கரம் இழுக்கிற வண்டி, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி என்ற வித்தியாசமே இதில் இல்லை. இரண்டு டயர் மட்டும் புதுசு என்றால் அவை பின்னால்தான். நல்ல நிலையில் இருக்கிற பழைய பின் டயர்கள் முன்னால் வரும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மாட்டுவோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது காற்று. லாரி டயருக்கு 110, 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துப் பழகிய கைக்கு, காருக்கு 30 என்றால் கொஞ்சமாகத்தான் படும். "கல்லு மாதிரி வைங்க" என்கிறவர்கள் ஒரு பக்கம். சித்திரை வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று 26, 27-க்கு இறக்கச் சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தவறு, இரண்டாவது ரொம்ப ஆபத்து. காற்று குறைந்த டயர் உருளும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதில்தான் சூடு ஏறும். வெயில் காலத்தில் நான்குவழிச் சாலையில் வெடிக்கிற டயர்களில் பல, காற்று கம்மியாக ஓடியவை. ஓட்டத்தில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுவது இயற்கை. சேலத்தில் இருந்து வந்து பெட்ரோல் பங்கில் நிறுத்தி, சூட்டோடு அளந்து, "ஏறிப்போச்சு" என்று இறக்கிவிடாதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதுதான் அளவு. எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் எவ்வளவு என்பதையும் பல வண்டிகளில் அங்கேயே போட்டிருப்பார்கள். டயரின் மேல் பொறித்திருக்கிற 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்பது அந்த டயர் தாங்கும் உச்சம், நீங்கள் வைக்க வேண்டிய அளவு அல்ல. நைட்ரஜன் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம், கெடுதல் இல்லை. நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எது போட்டாலும் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்.

இனி டயரைத் தேர்ந்தெடுக்கிற கதை. பக்கச் சுவரில் 185/65 R15 88H என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். R என்றால் ரேடியல். 15 என்பது டயரை மாட்டுகிற டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். இது வரை பெரும்பாலோருக்குத் தெரியும். கடைசி மூன்று எழுத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோதான். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, T என்றால் 190. உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். சைஸ் ஒன்றாக இருந்தும் விலை குறைவாக ஒரு டயர் கிடைத்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

அகல டயர் போட வேண்டும் என்ற ஆசை இளைஞர்களிடம் நிறைய. ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். கீழ் மாடலில் 165/80 R14, மேல் மாடலில் 185/65 R15 வருகிறது. டிஸ்க் ஓர் அங்குலம் கூடினாலும் சுவர் குறைவதால், இரண்டின் மொத்த உயரமும் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான். கம்பெனியே இரண்டையும் கொடுப்பதால், டிஸ்க்கையும் சேர்த்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதில் தவறில்லை. அதே 15 அங்குல டிஸ்க்கில் 205/65 போட்டால் உயரம் 647-க்குப் போய்விடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசும், மைலேஜ் இறங்கும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ல் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்து மண்பாதை, குழி விழுந்த கிராமத்து ரோடு என்று ஓட்டுகிறவர்களுக்கு உயரமான சுவர்தான் காப்பு. சுவர் குறையக் குறைய, குழியில் இறங்கும் அடி நேராக டிஸ்க்குக்குப் போகும்.

எந்த கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் முதல், ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கிற அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற ஜேகே வரை நம் மாநிலத்திலேயே நல்ல டயர்கள் உருவாகின்றன. ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் நான்கைந்து ரகம் இருக்கிறது. ஒன்று நிறைய ஓடும், ஒன்று ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஒன்று சத்தமில்லாமல் போகும். இது எல்லாம் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. லாரிக்காரர் கணக்கு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்பது. பிழைப்பு அது, கேட்டுத்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு அந்தக் கணக்கு எதற்கு? அந்த டயர் தேய்வதற்குள் வயதாகிவிடும். உங்களுக்கு ஈரத்தில் பிடிக்கிற ரகத்தைத்தான் நாங்கள் எடுத்து வைப்போம். வாரம் ஒருமுறை பெங்களூரு போய் வருகிறவர் என்றால் நிறைய ஓடுகிற ரகம் பார்க்கலாம். மாதம் இரண்டு முறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவருக்கு மறுபடியும் பிடிமானம்தான் முதல். மின்சாரக் கார் எடையும் கூட, இழுவையும் கூட. அதற்கான ரகத்தையே கேளுங்கள். சில டயர்களில் ஃபிரிட்ஜில் இருப்பதுபோல் நட்சத்திர லேபிள் வருகிறது. அது எரிபொருள் சிக்கனத்துக்கான நட்சத்திரம், பிடிமானத்துக்கு அல்ல.

தேய்மானத்தை எப்படிப் பார்ப்பது? போன மாதம் வேகன்ஆர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "டயர் நல்லாத்தானுங்க இருக்குது, அலைன்மென்ட் மட்டும் பாருங்க" என்று வந்தார். நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் அவர் சொன்னது சரிதான். வெளிப்பக்கம் பட்டன் அழகாக இருந்தது. லிஃப்டில் ஏற்றி முன் இடது சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்ட எங்கள் பையன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். விரல் நுனியில் ரத்தம். உள் ஓரத்தில் ரப்பர் முழுக்கப் போய், கம்பி முள் முள்ளாக வெளியே நின்றது. அந்த டயரில்தான் இரண்டு நாள் முன்பு பேரக் குழந்தைகளோடு ஏற்காடு போய் வந்திருக்கிறார். காட்டியதும் அவர் பேசவில்லை, டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே பார்க்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, உள் ஓரத்தையும் பாருங்கள். கையால் தடவாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர் சரியில்லை. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று கம்மி. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர். காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே போகும். பள்ளங்களுக்கு அடியில் குறுக்கே சின்னச் சின்னத் திட்டு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள், 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வயதும் முக்கியம். பக்கச் சுவரில் DOT என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் அந்த எண் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பட்டன் இருந்தாலும் வருடம் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் ஓடவே வேண்டாம். டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னிக்கும் இதேதான். எங்களிடம் வாங்கும்போதும் மாட்டுவதற்கு முன் இந்த எண்ணையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பில்லிலும் எழுதித் தருகிறோம். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் சரிபாருங்கள்.

செகண்ட்ஸ் டயர் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்றுதான் சொல்வோம். தேய்ந்த கார் டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் கீறி, கறுப்பு பூசிப் பளபளவென்று அடுக்கி வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. கீறிய இடத்தில் மிஞ்சுவது டயருக்குள் இருக்கிற நூலுக்கு மேல் மெல்லிய தோல் மட்டும். லாரி டயரை ரீட்ரெட் செய்வது வேறு, அதற்கென்றே உடம்பு கொடுத்துச் செய்த டயர் அது. கையில் பணம் இல்லையென்றால் இப்போது இரண்டு, மூன்று மாதம் கழித்து இரண்டு என்று புதுசாகவே போடுவோம். வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் வீங்கின டயரையும் இதே காரணத்துக்காகத்தான் பஞ்சர் போட மறுக்கிறோம். உள்ளே நூல் அறுந்திருக்கிறது, மேலே ஒட்டி அதைச் சேர்க்க முடியாது.

வருகிறவர்கள் முடிந்தால் காலையிலேயே, டிக்கியைக் காலி செய்துகொண்டு வாருங்கள், ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்துவிடலாம். நான்கு டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். புது டயர் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வந்தால் நட்டு இறுக்கம் பார்த்து அனுப்புவோம், அதற்குக் காசு இல்லை. சபரிமலை போகிறவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வராமல் ஒரு வாரம் முன்பே வந்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று நாளும் இரவு பத்து மணி வரை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடையார்,
நாமக்கல்