குளத்து வானும் அணு உலையும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

யுரேனியத்துக்குப் பதிலாகத் தோரியம் என்ற உலோகத்தில் ஓடும் அணு உலை வந்துவிட்டால் அணுமின்சாரத்தில் பயமே இல்லை, தோரியம் கலந்த புல்மோட்டைக் கடற்கரை மணலே நமக்குக் காலாகாலத்துக்கும் போதும் என்ற தோரணையில் கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நான் கிளிநொச்சி முரசுமோட்டையில் நெல் ஆலை வைத்திருப்பவன். விஞ்ஞானி இல்லை. ஆனால் ஜெனரேட்டரோடு மாரடித்த அனுபவம் நிறைய உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து சிலது சொல்ல வேண்டும்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் ஆலைக்குள் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போய்விட்டது. அதற்கென்றே கடன்பட்டு வாங்கிய ஜெனரேட்டர் பின்பக்கக் கொட்டிலில், தரையோடு தரையாக இருந்தபடி தாண்டு போயிருந்தது. வருசம் முழுக்கச் சும்மா நின்ற சாமான், தேவைப்பட்ட ஒரே நாளில் தண்ணீருக்குள். பிறகுதான் மேசனைப் பிடித்து நாலடி உயரத்துக்குச் சீமெந்துக் கட்டு கட்டி அதன்மேல் ஏற்றினேன்.

ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 அன்று நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வந்த சுனாமி, நிலக்கீழ் அறைகளில் இருந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. ஐந்தாம் ஆறாம் உலைகள் தப்பியதற்குக் காரணம், உயரமான இடத்தில் வைத்திருந்த ஒரேயொரு ஜெனரேட்டர். இதை முதன்முதலில் வாசித்தபோது என் சீமெந்துக் கட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நிறுத்திய உலைக்கு எதற்குக் கரண்ட் என்று கேட்கலாம். அடுப்பை அணைத்தாலும் தணல் கிடக்கும் அல்லவா? உலையில் அந்தத் தணல், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஆறு ஏழு வீதம். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பம் 3000 மெகாவாட். அதில் ஆறு வீதம் என்றாலே 180. மன்னார் தம்பபவனி காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றினாலும் நூறு சொச்சம்தான். நேரம் போகப் போக அது குறையும், ஆனால் நாட்கணக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் சின்னக் குளங்களுக்கு வான், அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் இடம், உண்டு. மட்டம் ஏறினால் நடுச்சாமத்திலும் தானாக வான் பாயும், யாரும் எழும்பத் தேவையில்லை. பெரிய குளத்துக்கு வான்கதவு. அதற்கு ஆள் வேண்டும், உத்தரவு வேண்டும். பழைய அணு உலைகள் கதவை நம்பியவை. இப்போது பேசப்படும் புதிய வகைகள் வான் கட்டப் பார்க்கின்றன. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்பு உலையில் அடிக்குழாயில் ஓர் உப்பு அடைப்பு இருந்தது. காற்றை ஊதி அதை உறைய வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் ஊதுவது நிற்கும், அடைப்பு உருகும், எரிபொருள் கலந்த உப்பு முழுக்கக் கீழே உள்ள தொட்டிக்கு வடிந்துவிடும். சீனாவின் ஷிடாவோ விரிகுடாவில் 2023 டிசம்பரில் வர்த்தக ரீதியாக இயங்கத் தொடங்கிய, எரிபொருளைக் கூழாங்கல் மாதிரி உருண்டைகளாகப் போடும் உலை இன்னொரு விதம். 210 மெகாவாட். குளிரூட்டலை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள், தானாகவே ஆறியது. கூடங்குளத்திலும் காற்றோட்டத்தால் ஆறும் ஏற்பாடும், உருகினால் தாங்கும் தொட்டியும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

சரி, அப்படியென்றால் வாங்கிப் போட்டுவிடலாமா? உருகிய உப்பு உலோகத்தை அரிக்கும். நாலு வருசம் ஓடிய ஒரு சோதனை உலையை வைத்து நாற்பது வருசத்துக்குக் கணக்குப் போட முடியாது. தண்ணீருக்குப் பதிலாக உருகிய சோடியத்தால் குளிரும் இன்னொரு வகை, ஜப்பானின் மொன்ஜுவில் 1995இல் கசிந்து தீப்பிடித்தது; பிறகு அந்த உலை உருப்படவேயில்லை.

தோரியம் கதையும் கட்டுரையில் பாதிதான் வந்திருக்கிறது. புல்மோட்டை மணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு சிறிதளவு மொனசைட் என்ற கனிமமும் உண்டு, மொனசைட்டில் தோரியம் உண்டு, உண்மை. ஆனால் தோரியம் தன்பாட்டில் எரியாது. உலைக்குள் வைத்து நியூத்திரன் படவைத்து யுரேனியம்-233 ஆக்க வேண்டும். இந்தியா 1950களிலிருந்து இந்த வழியில்தான் நடக்கிறது. அதற்கு இடைப்படியான கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையை (எரிப்பதைவிடக் கூடுதலாக எரிபொருள் ஆக்கும் உலையை) 2004இல் கட்டத் தொடங்கி, எரிபொருள் ஏற்றும் வேலைக்கு வர 2024 ஆகிவிட்டது. நாங்களோ மணலைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதோடு சரி.

எனக்கு இன்னொரு யோசனையும் உண்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்துக்குள் பாய, நாடே இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் இயந்திரங்களும் நின்று, நாட்கணக்கில் மின்வெட்டு. உச்ச நேரத்திலும் மூவாயிரம் மெகாவாட் அளவில் நிற்கும் இந்த வலையில் 1000 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றால் என்ன ஆகும்? சைக்கிள் டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள், மின்சாரத்தின் அருமை தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அணு உலை என்றால் சின்னதாக, வேறு நாடுகளில் பத்து வருசமாவது ஓடித் தேறியதாக இருக்கட்டும். முதல் வாடிக்கையாளராக நாங்கள் போக வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். கூடங்குளம் மன்னாரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி அணுசக்தியை ஒழுங்குபடுத்த நமக்கும் ஒரு பேரவை உண்டு. அங்கே உங்கள் நிருபரை அனுப்பிக் கேளுங்கள்: அக்கரையில் ஏதும் நடந்தால் செய்தி மன்னாருக்கும் கிளிநொச்சிக்கும் எந்த வழியாக வரும், கிராம சேவகருக்கு எத்தனை மணித்தியாலத்தில் சொல்வார்கள், தமிழில் சொல்வார்களா? கிடைக்கும் பதிலை அப்படியே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெல் ஆலைக்காரன்,
முரசுமோட்டை.