பாறையைப் பிளந்தால் மட்டும் எண்ணெய் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரிக் கடலில் ஹைட்ரோகார்பன் எடுப்பதைப் பற்றி உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதிர்த்து எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான், நானும் எதிர்க்கிறவன். ஆனால் அதில் ஆயில் ஷேலையும் (இன்னும் எண்ணெயாக மாறாத பொருள் அடங்கிய பாறை) ஷேல் கேஸையும் (பாறைக்குள் அடைபட்ட வாயு) ஒன்றாக்கி, ஆயில் ஷேல் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தில் பிளந்தால் எண்ணெய் ஊறி வரும் என்று போட்டிருந்தீர்கள். வராது.

2017 வறட்சியில் எங்கள் வீட்டு போர்வெல் வற்றியபோது, ஒரு வண்டிக்காரர் வந்து குழிக்குள் ரப்பர் அடைப்பை இறக்கி, தண்ணீரை அழுத்தி அடித்துப் பாறையில் விரிசலைத் திறந்துவிட்டார், மறுநாளே கொஞ்சம் தண்ணீர் ஏறியது. பக்கத்துப் பாறை இடுக்குகளில் தண்ணீர் இருந்தது, அது வர வழி கிடைத்தது, அவ்வளவுதான். ஷேல் கேஸிலும் அடைபட்டிருக்கும் வாயு அப்படித்தான் வெளியே வருகிறது. ஆயில் ஷேலில் இருப்பதோ கெரோஜன் என்ற கெட்டிப் பொருள், எண்ணெயாகப் பக்குவப்படாத சரக்கு. வழி திறந்துவிட்டாலும் ஓடிவர அங்கே ஒன்றும் இல்லை. அதை 400, 500 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும்.

இதைக் களத்திலேயே செய்து பார்த்தும் இருக்கிறார்கள். 1960களில் அமெரிக்க அரசின் சுரங்கத் துறை வயோமிங் மாநிலத்தில் ராக் ஸ்பிரிங்ஸ் பக்கம் கிணறுகள் போட்டு, தண்ணீரை அழுத்திப் பாறையைப் பிளந்து, பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க மணலைச் செலுத்தி, அதுவும் போதாமல் பிளவுக்குள் நைட்ரோகிளிசரினை விட்டு வெடிக்கவும் வைத்தார்கள் (படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது). இத்தனையும் நெருப்பும் காற்றும் உள்ளே போவதற்கு வழி செய்யத்தான். 1969இல் பூமிக்குள்ளேயே தீ மூட்டினார்கள், எண்ணெயும் கிடைத்தது, ஆனால் வியாபாரத்துக்குத் தேறவில்லை.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போன வாரம் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த கூட்டத்தில் மீனவர் அண்ணன் ஒருவர் உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வந்திருந்த பொறியாளர், "இங்கே ஆயில் ஷேலே கிடையாதே" என்று ஒரே வரியில் அவரை உட்கார வைத்துவிட்டார். கடலடியில் எண்ணெய் தேடச் செய்யும் நில அதிர்வு ஆய்வின் சத்தத்தில் மீன் என்ன ஆகும், துளையிட்டு வரும் சேற்றை எங்கே கொட்டுவார்கள், எண்ணெய் கசிந்தால் யார் பொறுப்பு என்று அந்த அண்ணன் கேட்க நினைத்த ஒன்றையும் அப்புறம் கேட்க விடவில்லை. காவிரி டெல்டாவுக்காவது 2020இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது, நம் கடலுக்கு அதுவும் இல்லை.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த அண்ணன் அதை எடுத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
தக்கலை வாசகர்