15 விநாடி விளம்பரமும் ஏக்கப் பாட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒலிக்கும் ஏக்கப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டதற்கு முதலில் நன்றி. ஆனால் எல்லாப் பாடல்களையும் 'ஜிங்கிள்' (விளம்பரத்துக்கென்றே செய்யும் குட்டிப் பாட்டு) என்ற ஒரே பெயரில் அடக்கியது சரியில்லை. பாடகர் தத்சுரோ யமஷிதாவின் 'கிறிஸ்துமஸ் ஈவ்' ரயில் விளம்பரத்துக்கென்றே மெட்டமைக்கப்பட்டது என்ற வரியோ முழுத் தவறு.

அந்தப் பாடல் வெளியானது 1983இல். அதை விளம்பரத்தில் பயன்படுத்திய ஜே.ஆர். தோகாய் ரயில் நிறுவனம், ஜப்பானிய தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது 1987 ஏப்ரலில்தான் பிறந்தது. பிறக்காத நிறுவனம் பாட்டுக் கேட்டிருக்க முடியாது. விளம்பரம் 1988 குளிர்காலத்தில் வந்தது. பாடல் ஓரிகான் பட்டியலில் (ஜப்பானின் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசை) முதலிடம் பிடித்தது 1989 டிசம்பரில், அதாவது வெளியாகி ஆறு ஆண்டுகள் கழித்து.

இந்த ஆண்டுக் கணக்கைவிட முக்கியமானது வேறொன்று. பாடலில் காத்திருப்பவரின் ஆள் வருவதே இல்லை. மழை பனியாக மாறும், அவ்வளவுதான். விளம்பரத்திலோ ஒரு பெண் புல்லட் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள், கடைசியில் அவன் வந்துவிடுகிறான். 'வரமாட்டானோ' என்ற பயத்தைப் பாட்டு சுமக்கிறது, அந்தப் பயத்தைப் படம் தீர்க்கிறது. அங்கே ஒரு குதூகலப் பாட்டைப் போட்டிருந்தால் அவன் வருவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது, காத்திருப்புக்கு அர்த்தமும் இருந்திருக்காது. கட்டுரை சொல்வதுபோல அழவைத்துப் பர்ஸைத் திறக்கும் தந்திரம் இது என்று நான் நினைக்கவில்லை. சோகப் பாட்டும் சுப முடிவும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தாங்குகின்றன.

விளம்பரத்துக்காகவே பிறந்த நல்ல பாடல்களும் உண்டு. 1978 இலையுதிர் காலத்தில் ஷிசெய்டோ அழகுசாதன நிறுவனத்துக்காகத் தகாவோ ஹோரியுச்சி பாடியது அப்படிப்பட்டது. முதலில் விளம்பர வாசகம் முடிவாகிறது; அதுவே பாடலின் தலைப்பாகிறது; பிறகு மெட்டும் மற்ற வரிகளும் வருகின்றன. ஷிசெய்டோவும் கனெபோவும் பருவத்துக்கு ஒரு பாடல் என்று போட்டி போட்ட காலம் அது. இந்த வகையையும் 'கிறிஸ்துமஸ் ஈவ்' வகையையும் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே புரியாமல் போய்விடும்.

கட்டுரை விட்டுவிட்ட மிகச் சிறந்த உதாரணம் 'ரிகெய்ன்' சத்து பானம். 1989இல், பொருளாதாரம் உச்சத்தில் இருந்தபோது, அதன் விளம்பரப் பாடல் அணிவகுப்புப் பாட்டுப் போல முழங்கியது. 24 மணி நேரமும் போராட முடியுமா என்று அலுவலக ஊழியனைக் கேட்டது. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே பெயரில் வந்த மாத்திரைக்கு இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவின் தனிப் பியானோ. வார்த்தை கிடையாது, தாளக் கருவி கிடையாது. களைத்துப்போன எல்லோருக்கும் என்று அர்ப்பணித்த தொனி. 'எனர்ஜி ஃப்ளோ' என்ற அந்த இசை, பாடல் வரி இல்லாத இசைத்தட்டுகளில் முதன்முதலாக ஓரிகான் வார சிங்கிள் (தனிப்பாடல் இசைத்தட்டு) பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. இடையில் நிலச் சந்தையும் பங்குச் சந்தையும் சரிந்து, வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையும் ஆடிப்போயிருந்தது. ஒரே பொருளுக்குப் பத்தாண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு இசைகளைக் கேட்டாலே அந்த நாடு எதைக் கடந்து வந்தது என்று தெரியும்.

இனி ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பது. நம் ஊரில் விளம்பர இசை செய்யும் இளைஞர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜப்பானில் அதிகம் ஓடுவது 15 விநாடி விளம்பரம். அதில் தொடக்கத்தில் அரை விநாடியும் முடிவில் அரை விநாடியும் ஒலியே இருக்கக் கூடாது. ஆக, கையில் இருப்பது 14 விநாடி. நிமிடத்துக்கு 80 அடி (பீட்) ஓடும் நான்கடித் தாளத்தில் ஒரு பார், அதாவது நான்கு அடி கொண்ட ஒரு சுற்று, 3 விநாடி. நான்கு பார் 12 விநாடியில் முடியும்; மிச்சம் 2 விநாடி நிறுவனத்தின் பெயர் ஒலிக்க. வேகம் 70 ஆனால் அதே நான்கு பார் 13.7 விநாடியை விழுங்கிவிடும், பெயருக்கு இடம் இருக்காது. எட்டு பார் நீளமுள்ள பல்லவி 80 வேகத்தில் 24 விநாடி, அது 30 விநாடி விளம்பரத்துக்குத்தான் ஆகும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வேகத்தைக் கணக்கிடாதவர்கள் கடைசியில் வரியின் நடுவே வெட்டுகிறார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுகிறார்கள். மெல்லிய குரலை 5 சதவீதம் வேகப்படுத்தினாலே மூச்சு இழுக்கும் ஒலி அவசரமாகக் கேட்கும், ஏக்கம் போய்விடும்.

இந்த நான்கு பாருக்குள் ஜப்பானியர்கள் அடிக்கடி வைக்கும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) வரிசை ஒன்று உண்டு. சி மேஜரில் சொன்னால் எஃப், ஜி, இ மைனர், ஏ மைனர். அவர்கள் இதை 'ராஜபாட்டை' என்ற பொருளில் அழைக்கிறார்கள். ஆதார கார்டான சி இதில் வரவே வராது. வீட்டை நோக்கிக் கிளம்பி, வாசல்வரை போய், பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவது போன்ற நடை. பாரம் இல்லாத ஏக்கம் இங்கிருந்துதான் வருகிறது. பாருக்கு ஒரு கார்ட் என்றால் நான்கு பாரில் வட்டம் முடிந்துவிடும், 15 விநாடிக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தும். இங்கே பலர் செய்யும் பிழை: ஏ மைனரில் நிற்கும் பாட்டுக்குப் பின்னால் நிறுவனத்தின் இசை முத்திரையை (பெயரோடு ஒலிக்கும் குட்டி இசை) சி மேஜரில் பளிச்சென்று அடித்துவிடுகிறார்கள். தீராமல் நின்ற உணர்வை அந்த ஒரு அடி தீர்த்து முடித்துவிடும். முத்திரையின் சுருதி வேறாக இருந்தால் இன்னும் மோசம், இரண்டும் உரசும். முத்திரையை ஒரே ஒரு சுரமாகக் குறைத்து, அது கடைசிக் கார்டுக்குள் இருக்கும் சுரமா என்று பார்த்து வையுங்கள்.

விளம்பர வாசகம் பேசும் பின்னணிக் குரல் பாட்டின் மீது ஏறுவது அடுத்த சிக்கல். இதற்கு நல்ல விடை கஸுமாசா ஓடாவின் குரலில் ஆஃப் கோர்ஸ் இசைக்குழு 1982இல் சிங்கிளாக வெளியிட்ட பாடல். மெய்ஜி ஆயுள் காப்பீட்டு நிறுவனம் சாதாரணக் குடும்பங்களின் அசையாப் புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, கீழே இந்தப் பாடலை ஓடவிட்டது. அதில் 'லாலா' என்று மட்டும் போகும் இடங்கள் உண்டு. அங்கே சொல் இல்லாததால் திரையில் வரும் எழுத்தைக் கண் நிம்மதியாகப் படிக்க முடிகிறது. சொல் நிறைந்த வரியின் மேல் வேறு சொற்களைப் பேசவைத்தால் கேட்பவர் இரண்டையும் விட்டுவிடுவார். பாட்டின் ஒலியைக் குறைப்பதால் இது சரியாகாது. சொல் இல்லாத இடத்தைத் தேடித்தான் பேச்சை வைக்க வேண்டும்.

ஒலி அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 2012 அக்டோபர் முதல் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் சராசரி ஒலி உணர்வை மைனஸ் 24 எல்.கே.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் இப்படியொரு சராசரி வரம்பு இல்லை என்பதால், ஒலியின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் நசுக்கி உரக்கச் செய்த விளம்பரங்களுக்கு நடுவே பியானோவும் தனிக்குரலும் அமுங்கிப்போகும். இப்போது நசுக்குவதால் லாபமில்லை. மெல்லத் தொடங்கி ஒரு வரியில் மட்டும் எழும் பாட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

பழைய பாடல்களை வேறொருவர் மறுபடி பாடுவது ஏன் இத்தனை அதிகம் என்று கட்டுரை வியக்கிறது. காரணம் எளியது. மூலப் பதிவைப் பயன்படுத்த இசை வெளியீட்டாளரின் அனுமதியும் வேண்டும், இசைத்தட்டு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். விளம்பரத்துக்கான தொகையை வெளியீட்டாளரே சொல்வார், நிலையான கட்டணம் கிடையாது. மறுபடி பாடினால் இசைத்தட்டு நிறுவனத்திடம் போக வேண்டியதில்லை. வேகத்தையும் சுருதியையும் விருப்பப்படி வைக்கலாம். ஆனால் வரிகளை மாற்ற வேண்டுமானால் எழுதியவரின் சம்மதம் இல்லாமல் முடியாது. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைக் காக்கிறது. 2016இல் கிரின் தேநீர் விளம்பரத்தில் இளம் நடிகை மோகா கமிஷிராயிஷி, ஸ்பிட்ஸ் இசைக்குழுவின் 1998ஆம் ஆண்டுப் பாடலைப் பாடினார். குமமோட்டோவில் அந்த ஆண்டு நிலநடுக்கம் தாக்கிய மினாமியாசோ ரயில் பாதையிலுள்ள ஒரு சிறு நிலையம் அதன் களம். தேர்ந்த பாடகரின் மெருகு அங்கே தேவைப்படவில்லை. பள்ளிச் சீருடைப் பெண்ணின் மூச்சு கேட்கும் குரலே போதுமாக இருந்தது.

கட்டுரையில் இடம்பெற்ற ஹிட்டாச்சி விளம்பர மரத்துக்கும் ஒரு சேர்க்கை. ஒரு பெரிய மரத்தைக் காட்டி, 'இது என்ன மரம்' என்று 1973 முதல் ஒலிக்கும் அந்த விளம்பரப் பாடலின் மெட்டு ஆசெய் கோபயாஷியுடையது. படத்தில் நாம் பார்க்கும் மரம் ஜப்பானில் இல்லை, ஹவாயின் மோவானலுவா தோட்டத்தில் இருக்கிறது. அது நம் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமேதான். இது என்ன மரம் என்று ஜப்பானியர்கள் பாடிக்கொண்டிருக்க, நம் வாசகர்கள் படத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவார்கள்!

அடுத்த இதழில் பாடல் பட்டியலைத் திருத்தி வெளியிடுவதானால், ஒவ்வொன்றுக்கும் பாடல் வெளியான ஆண்டு, விளம்பரம் ஒளிபரப்பான ஆண்டு, மெட்டமைத்தவர், பாடியவர் ஆகிய நான்கையும் தனித்தனியே தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போதைய பட்டியலில் ஒரே ஓர் ஆண்டுதான் இருக்கிறது. அது எதைக் குறிக்கிறது என்று தெரியாததால்தான் 'கிறிஸ்துமஸ் ஈவ்' பற்றிய பிழையே நேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒலிக்கலவைத் துறையில் பணியாற்றும் வாசகர்,
சென்னை