செயலாளரின் ஆண்டறிக்கை: காலிமுகத்திடலில் கோல்ஃப் ஆடிய காலம்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. மழைக்காலத்தில் வருகை குறைந்தது, அதுவும் வழமைதான். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வருடம் நாம் எடுத்துக்கொண்ட தலைப்பைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்: காணாமற்போன கடலோரக் கோல்ஃப் மைதானங்கள்.

"கோல்ஃபுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முதற்கூட்டத்திலேயே ஒரு மூத்த அங்கத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொழும்பின் கடலோரத் திறந்தவெளியான காலிமுகத்திடலில் இருக்கிறது. 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கழகம் முதலில் ஆடியது அங்கேதான். 1896இல் பொரளைப் பக்கம் ரிஜ்வே மைதானத்துக்கு மாறியது. 'ரோயல்' என்ற அடைமொழி 1928இல் சேர்ந்தது. களனிவெளி ரயில் இப்போது அந்த மைதானத்துக்குள்ளாலேயே போகிறது.

காலிமுகத்து நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதி அதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லிலும் பொறித்தார். இருபது வருடத்தில் அதே இடத்தில் கெட்டிப் பந்துகள் பறந்திருக்கின்றன! பிள்ளைகள் எங்கே ஓடியிருப்பார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது சபையே சிரித்தது.

மற்ற ஊர்களின் கதையையும் பார்த்தோம். நியூயோர்க் அருகே லோங் ஐலண்டில், சதுப்பு நிலத்தில் கால்வாய் மணலைக் கொட்டி மேடாக்கி லிடோ மைதானத்தை அமைத்தார் சார்ள்ஸ் மக்டொனால்ட். 1942இல் அமெரிக்கக் கடற்படை நிலத்தை எடுத்துக்கொண்டது. மைதானம் அத்துடன் போயிற்று. பழைய படங்களைக் கொண்டு 2023இல் விஸ்கொன்சினில் அதை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இளைய அங்கத்தவர்கள் வியந்தார்கள். கடலே இல்லாத மாநிலத்தில் கடலோர மைதானம் எதற்கு என்பது என் எண்ணம்.

ஆனால் அதிக வாதம் நடந்தது ஸ்கொட்லாந்தின் தென் யூயிஸ்ட் தீவைப் பற்றித்தான். அங்குள்ள அஸ்கர்னிஷில் அக்காலத்துப் பேர்பெற்ற கோல்ஃப் வீரர் ஓல்ட் டொம் மொறிஸ் 1891இல் வகுத்த மைதானம் காலப்போக்கில் மறந்துபோய், 2008இல் மீண்டும் திறக்கப்பட்டது. அது தங்கள் மேய்ச்சல் நிலம் என்று சிறு விவசாயிகள் சிலர் எதிர்த்தார்கள். விடயம் நீதிமன்றம் வரை போனது. நம் சபை இரண்டாகப் பிரிந்தது. நான் விவசாயிகள் பக்கம். மைதானம் மறைந்தால் எல்லாமே இழப்பு என்று ஏன் எண்ண வேண்டும்? காலிமுகத்தில் கோல்ஃப் போனது ஊருக்கு நல்லதாகவே முடிந்தது. இன்று அங்கே பட்டம் விடவும் இறால் வடை தின்னவும் எவரும் கழக அங்கத்தவராக இருக்கத் தேவையில்லை.

அடுத்த வருடம் அதே திடலில் நடந்த குதிரைப் பந்தயங்களை எடுக்கலாம் என நிர்வாகக் குழு எண்ணுகிறது. பழைய காலிமுகப் படங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். அப்புறம், சந்தா நிலுவையில் உள்ளவர்கள் இன்றே பொருளாளரைச் சந்தித்தால் நல்லது.

நன்றி.
செயலாளர்