எங்கள் வீட்டு விளக்குகளுக்கு உரிமையாளர் யார்?

உப்புவெளி,
திருகோணமலை.
11 ஒக்டோபர் 2025

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: புதிய வீட்டில் நீங்கள் பொருத்திய ஸ்மார்ட் விளக்கு, மின்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் தொடர்பான முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

கடந்த ஜூலை 29 முதல் ஓகஸ்ட் 2 வரை உங்கள் நிறுவனத்தார் எங்கள் வீட்டில் 23 சாதனங்களைப் பொருத்தினார்கள். அதற்குரிய 486,500 ரூபாவையும் ஒரு சதம் பாக்கியின்றிச் செலுத்திவிட்டோம். ஆனால் இன்றுவரை அந்த 23 சாதனங்களில் ஒன்றுக்குக்கூட நானோ என் கணவரோ உரிமையாளர் இல்லை. இவற்றைக் கைத்தொலைபேசியிலிருந்து இயக்கும் செயலியைத் திறந்தால் எங்கள் பெயர்களுக்கு எதிரே ‘உறுப்பினர்’ என்று இருக்கிறது. ‘உரிமையாளர்’ என்ற இடத்தில், பொருத்த வந்த உங்கள் பணியாளரின் சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அவர் செப்டெம்பரில் வேலையை விட்டு விலகிவிட்டார் என்பதை உங்கள் அலுவலகமே எனக்குத் தொலைபேசியில் சொன்னது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. ஐந்து நாளும் வெயிலில் ஏணியில் நின்று, சுவரில் ஒரு கீறல் விழாமல் வேலை செய்த பிள்ளை. பொருத்தும்போது தன் கணக்கில் எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்திருக்கிறார். அப்படிச் செய்வது வழக்கம் என்றும் சொன்னார். வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவருக்குக் கற்பித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதில் எனக்கு உள்ள பயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். என் கணவர் தோஹாவில் வேலை செய்கிறார். வீட்டில் இருப்பவர்கள் நானும் 78 வயதான என் மாமியும் பள்ளிக்கூடம் போகும் மகளும்தான். எந்த அறையின் விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது என்று அந்தச் செயலி நாள்வாரியாகக் குறித்து வைக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் நாங்கள் மூவரும் கோணேசர் கோயிலுக்குப் போய் வரும் இரண்டரை மணி நேரமும் அதில் வெறுமையாகத் தெரிகிறது. அந்தக் குறிப்பைப் பார்க்கவும், எங்கள் வாசல் விளக்கை அணைக்கவும் எங்கோ இருக்கும் ஒருவரால் முடியும். அவர் நல்லவராக இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். அந்தக் கைத்தொலைபேசி நாளைக்கு வேறு யார் கையில் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

இதை மாற்றித் தரும்படி செப்டெம்பர் 15 ஆம் திகதியும் 22 ஆம் திகதியும் கேட்டேன். 23 சாதனங்களையும் அழித்து மறுபடி இணைக்க வேண்டும், அதற்கு வேறாகக் கட்டணமும் கொழும்பிலிருந்து வரும் பயணச் செலவும் தர வேண்டும் என்று பதில் வந்தது. வாங்கிய பொருளை என் பெயருக்கு மாற்ற நான் எதற்காக மறுபடி பணம் கட்ட வேண்டும்?

இந்தச் சாதனங்களை நாங்கள் எப்படித் தெரிவு செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். உங்கள் விற்பனைப் பிரதிநிதி முதலில் வந்தது பெப்ரவரி 15 ஆம் திகதி. நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோன பெப்ரவரி 9 ஆம் திகதிக்கு அடுத்த சனிக்கிழமை என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல் கட்டி முடிந்து, சுவருக்குள் குழாய் பதித்து, வயர் இழுக்கத் தொடங்கியிருந்த நேரம். சுவர் இன்னும் பூசவில்லை. மூன்று வழிகளை அவர் விளக்கினார். வீடு முழுக்கத் தனிக் கட்டுப்பாட்டு வயர் ஓட்டும் கே.என்.எக்ஸ். முறை ஒன்று. அது எங்கள் கைக்கு எட்டாத விலை. வைஃபை சுவிட்ச் இன்னொன்று. மூன்றாவது சிக்பீ: வீட்டுக்குள் ஒரு நடுவப் பெட்டி இருக்கும், மின்சாரத்தில் இயங்கும் ஒவ்வொரு சுவிட்சும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும், இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும் என்றார். கொங்கிரீட் தட்டுக்கு மேலே இரண்டு அறைகள் இருப்பதால் அதுவே நல்லது என்று அவரே பரிந்துரைத்தார். நாங்களும் அதையே தெரிவு செய்தோம்.

பொருத்தப்பட்டதோ சிக்பீ 9, வைஃபை 14. கையிருப்பு இல்லாததால் மாற்றிப் போட்டதாகப் பின்னர் அறிந்தேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பற்றுச்சீட்டிலும் எல்லாமே ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ என்றுதான் இருக்கிறது. செப்டெம்பரில் வீதி வெட்டியபோது எங்கள் இணைய இணைப்பு மூன்று நாள் அறுந்திருந்தது. இணையம் இல்லாமல் தோஹாவிலிருந்து எதையும் இயக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் நான் அதே அறை விளக்கைத் தொலைபேசியால் இயக்க முடியாமற் போனது எதனால்? மாலை ஆறு மணிக்குத் தானாக எரிய வேண்டிய வாசல் விளக்கு எரியாமற் போனது எதனால்? அந்த 14 சாதனங்களும் கடல் கடந்து எங்கோ ஒரு சேவையகத்தைக் கேட்டுத்தான் இயங்குகின்றன. நாங்கள் சிக்பீயைத் தெரிவு செய்ததே இப்படி இணையத்தில் தங்கியிருக்க வேண்டாம் என்றுதான்.

அன்றைக்கு உங்கள் பிரதிநிதி கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: “சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரல் வயர் இழுக்கிறீர்களா?” அவர் கேட்கவில்லை. எங்கள் ஊர் வயரிங் வழக்கத்தில், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயர் நேரே விளக்குக்குப் போய்விடும். சுவிட்ச் பெட்டிக்கு வருவது மின்சாரம் கொண்டுவரும் லைவ் வயரும், அங்கிருந்து விளக்குக்குத் திரும்பும் வயரும் மட்டுமே. சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் தான் விழித்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் தேவை. நியூட்ரல் இல்லாவிட்டால் அந்தச் சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு மின்குமிழுக்கு அது ஒரு பொருட்டல்ல. எல்.ஈ.டி. விளக்குக்கு அதுவே போதும், அணைத்த பிறகும் மங்கலாக எரிவதற்கு. படுக்கையறைகளில் இரவு முழுவதும் எங்களுக்கு அந்த மங்கல் வெளிச்சம்தான். மகளின் அறையில் சில இரவுகளில் அது விட்டுவிட்டுத் துடிக்கிறது. அவள் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

எங்கள் வயரிங் வேலைக்காரரிடம் இதைச் சொன்னேன். “அக்கா, பூசுவதற்கு முன் சொல்லியிருந்தால் அதே குழாய்க்குள் இன்னொரு வயரை அரை நாளில் இழுத்திருப்பேனே” என்றார். இப்போது பூசி, பட்டி தேய்த்து, நிறம் அடித்த சுவரை வெட்ட வேண்டும். விளக்கோடு, அந்தச் சிறு மின்னோட்டத்துக்கு வேறு வழி கொடுக்கும் கொண்டென்சர் என்ற சிறு பாகத்தைச் சேர்த்தால் சரியாகும் என்று உங்கள் அலுவலகம் சொன்னது. சேர்த்த இரண்டு இடங்களில் சரியாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஏழு இடங்களுக்கு இதுவரை யாரும் வரவில்லை.

கிணற்று மோட்டர் விடயம் இதைவிட மோசமானது. எங்களுடையது 1 குதிரைவலு மோட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது அது எடுப்பது ஐந்தாறு ஆம்பியர்தான். தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். உங்கள் பணியாளர் அதைப் பொருத்தியது 10 ஆம்பியர் என்று அச்சிட்ட ஒரு சிறு வைஃபை ரிலேயில், அதாவது செயலியின் கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சாதனத்தில். விளக்குக்கும் ஹீட்டருக்கும் எழுதிய அந்த 10 ஆம்பியர் அளவு மோட்டருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது மின்வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குச் செயலியில் மோட்டரை நிறுத்தினேன். ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டியது. உள்ளே ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. கச்சான் காற்றில் மண்ணே காய்ந்து கிடந்த நாட்கள், கிணற்றில் இரண்டடி தண்ணீர்தான். தாங்கி நிரம்பி வழிந்து, கிணறு வற்றி, மோட்டர் தண்ணீரில்லாமல் விடியும்வரை ஓடியிருக்கிறது. எங்கள் மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. காலையில் மாமிதான் எரிந்த மணம் வருகிறது என்று எழுப்பினார். மோட்டரின் சீல் கருகிப் போய்விட்டது. திருத்த 18,500 ரூபா. நான்கு நாள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளினோம்.

மோட்டர் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் கொன்டாக்டர் என்ற சுவிட்சைத் தனியாகப் போட்டு, உங்கள் ரிலே அந்தக் கொன்டாக்டரை மட்டும் இயக்கும்படி செய்திருந்தால் இது நடந்திருக்காது. எங்கள் வயரிங் வேலைக்காரர் இப்போது அப்படித்தான் செய்து தந்திருக்கிறார். பக்கத்தில் கையால் நிறுத்தும் ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார்.

மாமியைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவருக்குக் கண் பார்வை குறைவு. இரவில் கழிவறைக்குப் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பார். பழைய வீட்டில் கையில் தட்டுப்படும் சுவிட்சை அழுத்துவார், ‘டிக்’ என்று கேட்கும், விளக்கு எரியும். நீங்கள் பொருத்திய தொடு சுவிட்சின் கண்ணாடிப் பலகையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தடவும் கை பட்டவுடன் அதிலுள்ள நான்கு கட்டளைகளும் மாறி மாறி ஓடுகின்றன. மின்விசிறி நிற்கிறது, வெளி விளக்கு எரிகிறது, கழிவறை விளக்கு எரிந்து அணைகிறது. ஒரு வீட்டின் மூத்தவர் தன் வீட்டிலேயே ஒரு விளக்கைப் போட அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால், அழுத்தும் வகைச் சுவிட்சின் பின்னால் சிறு ரிலேயை வைக்கும் முறை இருப்பதைச் சொல்லியிருக்கலாம். விலையும் குறைவு.

மின்சாரம் போய் வந்தால் அறைகளிலுள்ள ஸ்மார்ட் மின்குமிழ்கள் எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்துவிடுகின்றன. இரவு இரண்டு மணிக்கும் அப்படித்தான். மின்சாரம் திரும்பினால் என்ன ஆகும் என்று பெப்ரவரியிலேயே குறிப்பாகக் கேட்டேன், முன்பிருந்த நிலைக்கே வரும் என்றார்கள். செயலியில் அந்த அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை மாற்றப் போனால், உரிமையாளர் கணக்கு வேண்டும் என்று சொல்கிறது.

வாசலிலும் மதிலிலும் உள்ள இரண்டு விளக்குச் சாதனங்கள் வீட்டுக்குள் வைப்பதற்கானவை, தூசையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் ஐ.பி. 20 என்று போட்டிருக்கிறது, அதாவது நீருக்குக் காப்பே இல்லை. கடலிலிருந்து முந்நூறு மீற்றர் தள்ளி இருக்கிறோம். இரண்டு மாத உப்புக் காற்றில் முனைகளில் பச்சை பூத்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் மாரி மழை தொடங்கும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன். முதலாவதாகவும் உடனடியாகவும் 23 சாதனங்களின் உரிமையும் எங்கள் பெயருக்கு இலவசமாக மாற்றப்பட வேண்டும், முன்னாள் பணியாளரின் கணக்கு நீக்கப்பட்டது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். மாற்றிப் போட்ட 14 வைஃபை சாதனங்களுக்குப் பதிலாக நாங்கள் தெரிவு செய்த சிக்பீ வகையைத் தாருங்கள் அல்லது அவற்றின் விலையைத் திருப்பித் தாருங்கள். மாமியின் அறையிலும் கழிவறையிலும் நடைவழியிலும் கையால் அழுத்தும் சுவிட்ச் வேண்டும். மோட்டர் திருத்திய செலவையும் கொன்டாக்டரின் விலையையும் சேர்த்து 27,300 ரூபா திருப்பித் தரப்பட வேண்டும், பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். வெளி விளக்குகளுக்கு மழைக்கும் தூசுக்கும் தாங்கும் ஐ.பி. 65 பெட்டி போடுங்கள். உப்பரிப்பை அந்த எண் தடுக்காது என்பதால் முனைகளுக்குத் தனிக் காப்பும் தேவை. மீதமுள்ள ஏழு இடங்களின் மங்கல் எரிவையும் சரிசெய்ய வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். எங்கள் வேலை முடிந்தது ஓகஸ்ட் 2 இல். ஆதலால் ஒக்டோபர் 25 ஆம் திகதிக்கு முன் உங்கள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதியுடன் அதிகார சபைக்கு அனுப்பிவிடுவேன்.

என் கணவர் இந்தச் சாதனங்களை விரும்பியதற்குக் காரணம் ஒன்றுதான். பதினொரு ஆண்டு அங்கே உழைத்துக் கட்டிய வீட்டில், மாலையில் அங்கிருந்தபடியே வாசல் விளக்கைத் தன் கையால் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் பெயரில் அது இயங்க வேண்டும்.

உருகிய ரிலேயை ஒரு பையில் போட்டு, கழற்றிய திகதியை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பொறியியலாளர் வந்து பார்க்கலாம். வார நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகும் சனிக்கிழமை முழுவதும் வீட்டில் இருப்பேன். வருவதற்கு முதல்நாள் தெரிவியுங்கள், வயரிங் வேலைக்காரரையும் வரச் சொல்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

(கைச்சாத்து)
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் 3, செயலியின் உரிமையாளர் பக்கத்தின் படம், ரிலேயினதும் வெளி விளக்குகளினதும் புகைப்படங்கள்