கம்ப்யூட்டர் டேபிளுக்குக் கதவு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் மின்சாதனங்களைப் பாதுகாப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். ஃபிரிட்ஜ், ஏசி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இருந்தது, கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டீர்கள். திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் நான். ஏப்ரல், மே வந்தால் எனக்கு வரும் போனில் பாதி ஒரே புகார்தான்: "காலையில நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா ஹேங் ஆகுதுங்க."

போய்ப் பார்த்தால் சிபியூ பெட்டி டேபிளுக்குள் அடைபட்டிருக்கும். ஆசாரி அழகாகச் செய்துகொடுத்த டேபிள், முன்னால் கதவு, கதவில் பூட்டு, பின்னால் பிளைவுட், வயர் போக மட்டும் ஒரு ஓட்டை. உள்ளே கையை விட்டால் சுடும். கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லும் பிராசசர் சிப், சாதாரண ஆபீஸ் மெஷினில் இருப்பதுகூட, முழுவீச்சில் ஓடும்போது ஏறக்குறைய 65 வாட் சூட்டைத் தள்ளுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பை அலமாரிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஃபேன் ஓடத்தான் செய்கிறது, ஆனால் தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுக்கிறது. சுற்றி இருக்கும் காற்றைவிடப் பிராசசரைக் குளிர்ச்சியாக்க எந்த ஃபேனாலும் முடியாது. வெளியே 39 டிகிரி, டேபிளுக்குள் ஐம்பதை நெருங்குகிறது என்றால் அந்த வித்தியாசம் அப்படியே பிராசசரின் தலையில் ஏறும்.

2000-களின் தொடக்கத்தில் வந்த ஏஎம்டி கம்பெனியின் அத்லான் பிராசசர்களில், சூட்டை இழுத்துக்கொள்ள மேலே மாட்டியிருக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் ஓடும்போது கழன்றால் சில நொடிகளில் சிப் கருகிவிடும். இப்போது வருபவை அப்படிக் கருகுவதில்லை. இன்டெல்லின் பெரும்பாலான டெஸ்க்டாப் பிராசசர்களுக்குச் சூட்டின் எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும், 2022-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு 95. அந்த அளவைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் பட்டென்று ஆஃப் ஆகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதுவும் எரியாததால், சூடுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று முடிவுகட்டி, நல்ல மெஷினை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். புதிதாக வாங்கியதும் அதே டேபிளுக்குள்தான் போகிறது!

வாங்குமுன் ஒன்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் அடிப்படை வேகமும், இப்போது ஓடும் வேகமும் இருக்கும். வேலை நூறு சதவீதம் என்று காட்டும்போது வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். டேபிள் கதவைத் திறந்துவைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை பஞ்சு. மேலே இருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றி ஹீட்சிங்கைப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில், அலுமினியத் தகடுகளின் மேல், பஞ்சு ஒரே படலமாக மூடியிருக்கும். நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். கட்டிங் செக்ஷன் பக்கத்தில் இருக்கும் மெஷின் என்றால் அந்தப் படலத்தில் அடுக்கடுக்காகக் கலர் தெரியும்: வெள்ளை, அதன்மேல் மெரூன், அதன்மேல் நேவி புளூ. எந்த ஆர்டருக்குப் பின் எந்த ஆர்டர் ஓடியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பெனிக்காரர்களிடம் காட்டினால் சிரிப்பார்கள். அடுத்த வருஷமும் அப்படியேதான் இருக்கும்.

சுத்தம் செய்கிறேன் என்று அயர்னிங் செக்ஷனின் கம்ப்ரஸர் பைப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காற்றோடு தண்ணீர்த் துளியும் வரும். டேங்கில் எப்போதும் ஈரம் நிற்கிறது. போதாக்குறைக்கு, அந்த வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். சின்ன பிளோயர் போதும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை வெளியே திண்ணைக்குக் கொண்டுபோய், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது வீட்டில் அவசரத்துக்குச் சரி. பனியன் கம்பெனியில் அப்படிச் செய்தால் பஞ்சுக்கு வாசலைத் திறந்துவிட்ட கதைதான்.

ஹீட்சிங்கை ஒருமுறை தூக்கிவிட்டால், பிராசசருக்கும் அதற்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைக்காமல் திரும்ப மாட்டக்கூடாது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் துடைப்பதற்கான ஆல்கஹால் தருவார்கள். பேஸ்ட் துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும், அழுத்தும்போது தானே பரவும். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் காற்று தங்காமல் நிரப்புவதுதான் அதன் வேலை. தோசைக்கு நெய் விடுகிற மாதிரி தாராளமாகப் பூசினால் சுற்றிலும் வழிவதுதான் மிச்சம். இன்டெல் பிராசசரோடு பெட்டியில் வரும் கூலரில், அதாவது ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த அமைப்பில், நாலு பிளாஸ்டிக் கால் உண்டு. எதிரெதிர் மூலையாக அழுத்தி, நாலும் 'டக்' என்று இறங்கியதா என்று பார்க்கவேண்டும். சர்வீஸுக்குப் பின் சூடு அதிகமாகிவிட்டது என்று வருகிற மெஷின்களில், அநேகமாக ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏஎம்-4 என்ற சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) மாட்டும் ரைசன் வைத்திருப்பவர்கள் கூலரை நேராக இழுக்கவேண்டாம். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரே கையோடு வந்துவிடும், அதன் அடியில் ஊசி மாதிரி இருக்கும் பின்கள் வளைந்தால் அப்புறம் நொந்துகொள்ள வேண்டியதுதான். பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, இளஞ்சூடு இருக்கும்போதே மெதுவாக இடவலமாகத் திருகித் தூக்கினால் விட்டுவிடும்.

கலர் கலராக விளக்கு எரிகிற லிக்விட் கூலர் வேண்டுமா என்று பையன்கள் கேட்கிறார்கள். பில் போடவும் டேலி பார்க்கவும் அதெல்லாம் தேவையே இல்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், பள்ளிக் கம்ப்யூட்டர் லேப், கூட்டுறவு சங்கம், ஊராட்சி அலுவலகம் என்று மொத்தமாக டேபிள் ஆர்டர் கொடுக்கிற இடங்களிலும் இந்த மூடிய அறை தொடர்கிறது என்பதுதான். கேட்டால் எலி, திருட்டு என்பார்கள். நியாயமான பயம்தான். எலி வராமலிருக்க டேபிளின் பின்பக்கம் கம்பி வலை அடிக்கலாம், காற்று போகும். திருட்டுக்கு, பல சிபியூ பெட்டிகளின் பின்னாலேயே சின்னப் பூட்டு மாட்ட வளையம் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. டேபிளுக்கு அளவு எழுதிக்கொடுக்கிற அதிகாரிகள் 'சிபியூ வைக்கும் இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் பலகை வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் செலவும் குறையும். ஏற்கெனவே இருக்கிற டேபிளை மாற்றவேண்டிய அவசியமில்லை. பின்பக்க பிளைவுட்டைக் கழற்றுங்கள், சுவரிலிருந்து டேபிளை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், மெஷின் ஓடுகிற நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் மெக்கானிக் ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.