காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் முதியோர் நலம் பற்றி வந்த கட்டுரையில் பார்க்கின்சன் நோய்க்கு ஒரே ஒரு வரி இருந்தது: வயதானவர்களுக்குக் கை நடுங்கும் நோய் என்று. அதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவருக்கு இந்த நோய் என்று தெரிந்து 7 வருடமாகிறது. இன்றுவரை அவர் கை நடுங்கியதில்லை. நடுங்காததால்தான் அதற்கு முன் 2 வருடம் வீணாகப் போனது.

அவர் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். பயிர்க்கடன் பேரேட்டில் அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓய்வு பெறப் போகும் சமயத்தில் அந்த எழுத்து சுருங்க ஆரம்பித்தது. வரி தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும், முடிவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியிலிருந்து காசோலை திரும்பி வந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். இடது தோள் வலிக்கிறது என்றார், ஒரு வருடம் அதற்கு வைத்தியம் பார்த்தோம். நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டியே இருந்ததைப் பார்த்தும் தோள்வலியால் என்றே நினைத்தேன். ஒருநாள் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை, அடுப்படிக்கு நேரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "மூக்கு இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். மோப்பம் போவதும், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கை காலை உதறுவதும், தீராத மலச்சிக்கலும் நடை தளர்வதற்குப் பல வருடம் முன்பே வரலாம் என்று பிறகு தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டர் சொன்னார். அன்று கத்தியதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

நடுமூளையில் கருமை நிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறதாம். டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. உடம்பு நினைத்தபடி அசைய அந்த டோபமைன் வேண்டும். அந்தச் செல்களில் பெரும்பகுதி போன பிறகுதான் வெளியே தெரிகிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதியபோது அவர் விவரித்தது 6 பேரைத்தான். அதில் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். வழியில் போனவரைப் பார்த்தே அவர் கண்டுகொண்டார், ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அவர் வைத்த பெயரில் நடுக்கம் இருந்தது. நாமும் கம்பவாதம், நடுக்குவாதம் என்றே சொல்லிவருகிறோம். அதனால்தான் எல்லோரும் நடுக்கத்தையே தேடுகிறார்கள். அசைவில் வரும் மந்தமும் தசை விறைப்பும் யார் கண்ணிலும் படுவதில்லை, பட்டாலும் வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். பேத்தி வளைகாப்பில் "மாமா ஏன் முறைச்சுக்கிட்டே இருக்கார்?" என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். முகத் தசைகள் அசையாததால் சிரிப்பு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். மன்னார்குடி பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் ஒட்டிக்கொண்டது, பேச்சும் குழறியது. கண்டக்டர் "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துட்டியா" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். அதன்பிறகு 4 மாதம் வாசற்படி தாண்டவில்லை.

நான் முக்கியமாக எழுத வந்தது மாத்திரை நேரம் பற்றி. லெவோடோபா மாத்திரை மூளைக்குப் போய் டோபமைனாக மாறுகிறது. நோயை அது நிறுத்தாது, ஆனால் வேலை செய்கிற நேரம் வரை இவர் பழைய மனிதர். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு ஆறு பிரிகிற மூணாறு தலைப்பு வரை கரையோடு நடந்துவிட்டு வருவார். மருந்தின் வேகம் இறங்கிவிட்டால் நாற்காலியிலிருந்து எழ ஆள் வேண்டும். எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 6, 10, 2, 6 தவிர வேறு மணி இல்லை. மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த நாட்களில் 2 மணி மாத்திரை எடுபடவே இல்லை. பருப்பு, பால், தயிர், முட்டையில் உள்ள புரதம் மருந்தோடு போட்டி போடுமாம். இப்போது சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் வெறும் தண்ணீரில் மாத்திரை, தயிர் இரவுக்கு. இந்த ஒரு மாற்றத்தில் எங்களுக்கு மத்தியானங்கள் திரும்பக் கிடைத்தன.

போன ஐப்பசியில் காய்ச்சலும் வாந்தியுமாக அவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டு வார்டில் எல்லோருக்கும் கொடுக்கும் நேரத்தில் இவருக்கும் கொடுத்தார்கள். காலை 6 மணி மாத்திரை 9 மணிக்கு வந்தது. 10 மணி மாத்திரை வரவே இல்லை. வாந்திக்கு ஊசியும் போட்டார்கள். மறுநாள் மனிதர் மரக்கட்டை. புரண்டு படுக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. "வயசாயிடுச்சும்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றார்கள். தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த ஊசி மெட்டோகுளோபிரமைடு, டோபமைனைத் தடுப்பது, இந்த நோயாளிக்குப் போடவே கூடாது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள், மாத்திரையை மணி தவறாமல் கொடுங்கள் என்றார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். வார்டில் இருந்த நர்ஸ்களை நான் குறை சொல்லவில்லை. இரண்டே பேர் அத்தனை படுக்கைக்கும் ஓடினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது ஒவ்வொரு வார்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

நடக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டு நடை உறைந்துபோவதற்கு எங்களுக்கு வழி காட்டியது கோலம். அறை நிலைப்படியில் நகராமல் நிற்பவர், வாசலில் நான் போட்ட படிக்கோலத்தின் கோடுகளை மட்டும் அலுங்காமல் தாண்டிப் போவதை ஒரு மார்கழிக் காலையில் பார்த்தேன். வீட்டு நடைவழியில் ஓரடிக்கு ஒரு கோடு மாவால் இழுத்தேன், நடந்தார். டாக்டரிடம் சொன்னால் ஆச்சரியப்படவில்லை. கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் மூளை வேறு வழியாகக் காலை எடுக்க வைக்கும் என்றார். மாவு கலைந்துவிடுவதால் இப்போது நீல டேப் ஒட்டியிருக்கிறேன். உறைந்து நிற்பவரைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள்.

பூனைக்காலி விதைப்பொடி வாங்கிக் கொடுக்கச் சொல்பவர்கள் எங்கள் ஊரில் அதிகம். அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. உண்மை என்பதால்தான் பயம். மாத்திரை சாப்பிடுகிறவர் அளவு தெரியாமல் அதையும் சாப்பிட்டால் மருந்து மிஞ்சிப்போகும், இல்லாதது கண்ணில் தெரியும். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. எங்களுக்கே 5 வருடம் கழித்துத்தான் தெரிந்தது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சை என எந்த மாவட்டத்தில் இருந்தாலும் என்ன உதவி கிடைக்கும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் சட்டைப்பையில் இப்போது ஒரு அட்டை வைத்திருக்கிறேன். அதில் உள்ளதைக் கட்டம் கட்டிப் போட்டால் தேவைப்படுகிறவர்கள் வெட்டி எடுத்து, தங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வைத்துக்கொள்வார்கள்:

"எனக்குப் பார்க்கின்சன் நோய். நான் குடிக்கவில்லை. பேச நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். என் மாத்திரை நேரம் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6. ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இதே நேரம். டோபமைனைத் தடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, ஹாலோபெரிடால் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம். என் மனைவியின் எண் பின்பக்கம்."

இப்படிக்கு,
வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.